பனிமலையில் பாயும் வாலிபர்கள்

நமது ஊரில் "பனி" என்றவுடன் மார்கழி மாதத்து விடியற்காலைதான் ஞாபகத்துக்கு வரும். வாசலில் கோலம் போடுகிறவர்கள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக் கொள்வார்கள். புல் நுனியில் முத்துப்போல் நீர்த்துளி நிற்கும். வெயில் ஏறினால் எல்லாம் மாயமாய் மறைந்து போகும். அந்தப் பனியால் மிஞ்சினால் ஜலதோஷம் பிடிக்கும். அதற்கும் சுக்குக் கஷாயம் இருக்கிறது.

அதே சொல்லால் நாம் குறிப்பிடும் மற்றொரு பனியும் உண்டு. அது வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து, ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து, மலைச் சரிவுகளிலே மாதக் கணக்கில் உறைந்து கிடப்பது. அந்தப் பனியின்மேல் மோட்டார் வண்டி ஓட்டி விளையாடுவது வட அமெரிக்காவின் மலைப் பிரதேசங்களில் வாலிபர்களுக்கு மிகவும் உவப்பான பொழுதுபோக்கு. அவர்களிற் சிலர் குளிர்காலந்தோறும் வீடு திரும்புவதில்லை. மலையே பெயர்ந்து வருவதுபோல் சரியும் பனி அவர்களை மூடிவிடுகிறது.

"பனி விழாத நாட்டில் இருக்கும் நமக்கு இந்த விஷயம் எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கானடாவிலும் அமெரிக்காவிலும் படிக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில் வேறொன்று. இளமையும் வேகமும் தோழர் கூட்டமும் ஒன்று சேர்ந்துவிட்டால், புத்தியை எப்படி நிலையில் நிறுத்துவது என்பது எல்லாத் தேசத்துப் பெற்றோருக்கும் பொதுவான கவலையல்லவா? அந்தக் கவலைக்கு அந்நாட்டார் கண்ட பரிகாரம் நாமும் தெரிந்துகொள்ளத் தக்கது.

வண்டி பிறந்த வரலாறு

கானடா தேசத்தின் க்யூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சிற்றூர். அங்கே மோட்டார் பட்டறை வைத்திருந்தவர் ஜோஸப் அர்மாண்டு பம்பார்டியே. 1907-ம் வருஷம் பிறந்த அவருக்குச் சிறு பிராயத்திலிருந்தே பனியில் ஓடக்கூடிய யந்திரம் ஒன்று செய்ய வேண்டுமென்பது ஆசை. 1934-ம் வருஷக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயதுக் குழந்தை குடல்வால் நோயால் துடித்தது. ஆஸ்பத்திரியோ தூரத்தில். சாலைகளெல்லாம் பனியில் புதைந்து கிடந்தன. பட்டறையில் இருந்த யந்திரம் ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்து போயிற்று.

அந்தத் துயரத்துக்குப் பின் பம்பார்டியே இன்னும் தீவிரமாக உழைத்தார். பற்சக்கரத்தின்மேல் சுழலும் ரப்பர் பட்டை ஒன்றை அமைத்து 1937-ல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஏழு பேர் ஏறக்கூடிய அவருடைய வண்டிகளில் வைத்தியர்களும் தபால்காரர்களும் நோயாளிகளும் பள்ளிக் குழந்தைகளும் பிரயாணம் செய்தார்கள். 1959-ல் ஒருவர் இருவர் மட்டும் ஏறிச் செல்லும் சிறு வண்டியை "ஸ்கி-டூ" என்ற பெயரில் வெளியிட்டார். முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்புறம் சுழலும் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிளைப் போன்ற ஆசனமும் கைப்பிடியும். ஸ்னோமொபைல் என்று இன்று உலகம் வழங்கும் பனிவண்டி இதுதான். பிள்ளை உயிரைக் காக்க முடியாத தந்தை கண்ட சாதனம், பிறர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக் கருவியாயிற்று.

ஆரம்பத்தில் இந்த வண்டிகளுக்கு மலை ஏறச் சக்தி போதாது. சமவெளியிலும் காட்டுப் பாதையிலும் ஓடியதோடு சரி. பின்னர் பட்டை நீண்டது. அதில் துடுப்புப் போன்ற ரப்பர்ப் பற்கள் முளைத்தன. மோட்டாரின் பலம் வளர்ந்தது. இன்று மலைக்கென்றே செய்யப்படும் வண்டியின் சக்தி 150 குதிரைக்கு மேற்பட்டது. வண்டியும் பெட்ரோலும் ஆளும் சேர்ந்து 300 கிலோ எடை வரும். முன்பு நாள் முழுதும் மூச்சு வாங்க நடந்து ஏற வேண்டிய சிகரத்தின் அடிவாரத்துக்கு, பதினெட்டு வயதுப் பையன் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறான்.

கால்நடையாக ஏறுகிறவனுக்கு மலை மெதுவாகப் பாடம் சொல்லும். அடிக்கு அடி பனியின் தன்மை காலுக்குத் தெரியும். பனியின் உள்ளே அடுக்குகள் அமுங்கும்போது "உம்ம்" என்று அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒரு சத்தம் எழும். அது காதில் விழும். வண்டியில் செல்கிறவனுக்கோ மோட்டாரின் இரைச்சல், தலையில் கவசம், மனத்தில் உற்சாகம். மலை எச்சரித்தாலும் அவன் செவியில் ஏறுவதில்லை. அன்றியும், நடப்பவன் ஒரு நாளில் இரண்டு மூன்று சரிவுகளை மிதித்தால், இவன் முப்பது நாற்பது சரிவுகளை மிதித்துவிடுகிறான். அத்தனையில் ஒன்று கெட்டதாயிருந்தால் போதாதா?

பனி ஏன் சரிகிறது?

பனிச்சரிவு என்றதும், மலையுச்சியிலிருந்து ஒரு உருண்டை புறப்பட்டு வரவரப் பெருத்து வருவதாகப் பலர் எண்ணியிருக்கிறார்கள். சித்திரக் கதைகளுக்கு அது பொருத்தம், உண்மை வேறு. ஆளைக் கொல்லும் சரிவு பெரும்பாலும் ஒரு பலகை நழுவுவதைப் போன்றது.

சமையலறையில் இதைப் பரீட்சை செய்து பார்க்கலாம். சாய்வாக வைத்த பலகையொன்றின் மேல் கொஞ்சம் கடுகைப் பரப்புங்கள். கடுகின்மேல் கனமான ஒரு புத்தகத்தை மெதுவாக வையுங்கள். புத்தகம் நிற்கிறதுபோல் இருக்கும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் முழுதும் ஒரே வீச்சில் வழுக்கி விழும். மலையிலும் நடப்பது இதுவே. குளிர்கால ஆரம்பத்தில் விழுந்த மெல்லிய பனி, கடுங்குளிரில் சர்க்கரை மணிகளைப்போல் ஒன்றோடொன்று ஒட்டாத பரல்களாக மாறிவிடும். சில தெளிந்த இரவுகளில் மேற்பரப்பில் இறகு போன்ற உறைபனிப் படிகங்கள் முளைக்கும். இவைதாம் கடுகு. பிறகு பெரும் புயல் வந்து அவற்றின்மேல் புதுப் பனியைக் குவிக்கிறது. காற்று அதை இறுக்கி ஒரே தகடாக்குகிறது. இதுதான் புத்தகம். அந்தப் பக்கமாக வரும் வண்டிதான் விரல்.

எல்லாச் சரிவுகளும் அபாயமானவை அல்ல. மாணவர்களின் கணிதப் பெட்டியில் உள்ள மூலைமட்டத்தின் சிறிய கோணம் 30 பாகை. அதற்குக் குறைந்த சாய்வில் இத்தகைய பலகைகள் அபூர்வமாகவே நழுவும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வே கண்டம். அதிலும் 38 பாகையை ஒட்டியவை மிகப் பொல்லாதவை. துரதிர்ஷ்டவசமாக, பனிவண்டிக்காரருக்கு மிகவும் பிரியமான சாய்வும் இதேதான்.

அவர்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. அடிவாரத்திலிருந்து முழு வேகத்தில் நேரே மேல்நோக்கிப் பாய்ந்து, வண்டியின் பலம் தீரும் இடத்தில் சட்டென்று திருப்பிக் கீழே வருவார்கள். பனியில் வில்போல் ஒரு சுவடு பதியும். அடுத்தவன் அதற்குமேல் ஒரு சுவடு பதிக்க வேண்டும். யார் சுவடு உயரத்தில் இருக்கிறதோ அவனே வீரன். பனிவண்டி விபத்துக்களில் பெரும் பங்கு இந்தப் பந்தயத்தில் நேர்பவை. உச்சியை நெருங்க நெருங்கத் தகடு மெல்லிதாக இருக்கும். கீழே புதைந்துள்ள பலவீனமான அடுக்கை வண்டியின் பாரம் அங்கேதான் எளிதில் எட்டும். பனிச்சரிவில் அகப்படுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பியவர் அவரே, அல்லது அவருடைய கோஷ்டியைச் சேர்ந்த ஒருவரே. மலை தானாக வந்து விழுந்தது என்று பழி சொல்ல இடமில்லை.

பத்து நிமிஷம்

சரிவு புறப்பட்டால் சில விநாடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை அடைந்துவிடும். ஓடும்போது நீர்போல் இருக்கும் பனி, நின்றவுடன் சிமெண்டுபோல் இறுகிவிடுகிறது. உள்ளே அகப்பட்டவன் விரலைக்கூட அசைக்க முடியாது. தான் வெளியிட்ட மூச்சையே திரும்பத் திரும்ப உள்ளிழுத்து, மெல்ல நினைவு தப்புகிறான்.

ஸ்விட்ஸர்லாந்தின் விபத்துக்களை ஆராய்ந்து 1994-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 15 நிமிஷத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்தார்கள். 35 நிமிஷம் ஆகிவிட்டால் நூற்றுக்கு முப்பது பேரே பிழைத்தார்கள். அதற்குப் பிந்திய ஆராய்ச்சிகள் அந்த 15 நிமிஷத்தையும் 10 நிமிஷமாகக் குறைத்துவிட்டன. ஹெலிகாப்டருக்குச் செய்தி அனுப்பி, அது புறப்பட்டு வந்து சேர்வதற்குள் அந்தப் பத்து நிமிஷம் பல முறை கழிந்துவிடும். ஆகவே புதைந்தவனைக் காக்க வல்லவர் அவனுடன் வந்த தோழர்களே. வேறு யாரும் இல்லை.

இதற்காக ஒவ்வொருவரும் மூன்று கருவிகள் வைத்திருக்க வேண்டும். முதலாவது, டிரான்ஸீவர் என்னும் சமிக்ஞைக் கருவி. உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் அது இடையறாது துடித்துக்கொண்டிருக்கும். ஒருவன் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவிகளைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்தத் துடிப்பைத் தொடர்ந்து போய் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். இரண்டாவது, கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளமுள்ள மடக்குக் கம்பி. பனியில் குத்திப் பார்த்து ஆள் கிடக்கும் ஆழத்தை அறிய உதவுவது. மூன்றாவது, உலோகத்தாலான மண்வாரி. இறுகிய பனியைக் கையால் தோண்ட நினைப்பது கருங்கல்லைக் கிள்ள நினைப்பதற்குச் சமானம்.

இம்மூன்றும் இருந்தும் வாலிபர்கள் செய்யும் ஒரு பிழை உண்டு. கம்பியையும் மண்வாரியையும் வண்டியிலுள்ள பையில் கட்டிவிடுகிறார்கள். சரிவு வந்தால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். டிரான்ஸீவர் மார்பிலும், மற்றவை முதுகுப் பையிலும் இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். கைத்தொலைபேசியும் வண்டியின் மின்சாரச் சாதனங்களும் சமிக்ஞையைக் கெடுக்கும். ஆகையால் தேடும்போது தொலைபேசியை ஒதுக்கி வைத்து, வண்டியை நிறுத்திவிட்டு இறங்கித் தேட வேண்டும். காற்றுப்பை வைத்த முதுகுச் சுமையும் இப்போது வந்திருக்கிறது. கைப்பிடியை இழுத்தவுடன் பை உப்பி, ஆளைப் பனியின் மேல்மட்டத்தில் மிதக்க வைக்க முயலும். பல உயிர்களை அது காத்திருக்கிறது. ஆனால் மரத்திலும் பாறையிலும் மோதுகிறவனை எந்தப் பையும் காக்காது.

இரண்டு துக்க தினங்கள்

2008-ம் வருஷம் டிஸம்பர் 28-ந் தேதி. கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பெர்னி நகருக்கு அருகிலுள்ள ஹார்வி கணவாயில் ஸ்பார்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரைச் சேர்ந்த பதினொரு பேர் பனிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதற் சரிவு அவர்களில் ஏழு பேரை மூடியது. மற்ற நால்வரும் ஓடி வந்து தோண்டத் தொடங்கினார்கள். அந்த நிலையில் இரண்டாவது சரிவு வந்து அவர்களையும் மூடியது. கடைசியில் உயிருடன் ஊர் திரும்பியவர்கள் மூவர். எட்டுப் பேர் மாண்டார்கள். அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் அந்த மாகாணத்தில் பனிச்சரிவில் இறந்த பனிவண்டிக்காரர்கள் 19 பேர். மாகாண மரண விசாரணை அதிகாரி இதற்கென்றே ஒரு குழுவை அமைத்து ஆராயும்படி ஆயிற்று.

2010-ம் வருஷம் மார்ச்சு 13-ந் தேதி. அதே மாகாணத்தில் ரெவல்ஸ்டோக் நகருக்கு அருகிலுள்ள போல்டர் மலை. உயரச் சுவடு பதிக்கும் கேளிக்கையைக் காண ஏறக்குறைய 200 பேர் சரிவின் அடிவாரத்தில், தேர் பார்க்கிறவர்களைப்போல் கூடியிருந்தார்கள். அபாயம் மிகுதி என்று அந்த வாரம் விசேஷ எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மலை பெயர்ந்து வந்தது. இருவர் இறந்தனர், சுமார் 30 பேர் காயமடைந்தனர். அத்தனை ஜனங்களுக்கு நடுவே இருவரோடு போயிற்று என்பதே ஆச்சரியம்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் ஒரே பாடம் அடங்கியிருக்கிறது. சரிவில் ஒரு சமயம் ஒருவரே செல்ல வேண்டும். மற்றவர்கள் பனி வந்து சேர முடியாத இடத்தில், வண்டியின் முகத்தை வெளிப்புறம் திருப்பி நிறுத்திக்கொண்டு, அவர்மேல் வைத்த கண் வாங்காமல் இருக்க வேண்டும். மேலே ஒருவன் பனியில் சிக்கி நின்றால், உதவி செய்கிறேன் என்று இன்னொருவன் தன் வண்டியை அருகே ஓட்டிப் போகலாகாது. ஒரு வண்டியைத் தாங்கிய பனி இரண்டு வண்டிகளைத் தாங்குமென்ற நிச்சயம் இல்லை. சினேகத்தின் பெயரால் செய்யும் இந்தக் காரியமே பலரை ஒன்றாகப் புதைத்திருக்கிறது.

வாலிபர் மனம்

கருவிகள் கடையில் கிடைக்கும். புத்தி எங்கே கிடைக்கும்? இயான் மக்காமன் என்ற ஆராய்ச்சியாளர், அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துக்களை எடுத்துப் பரிசீலனை செய்தார். அபாயக் குறிகள் கண் எதிரே இருந்தும், பயிற்சி பெற்றவர்கள்கூட ஏன் முன்னேறினார்கள் என்பதே அவர் கேள்வி. அவர் கண்ட விடைகள் நமக்குப் புதியன அல்ல. "இது பழகின இடந்தானே" என்ற அலட்சியம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற பிடிவாதம். "அண்ணாவுக்கு எல்லாம் தெரியும்" என்று கோஷ்டித் தலைவனிடம் வைக்கும் குருட்டு நம்பிக்கை. பார்க்கிறவர்கள் முன்னால் பெயர் வாங்க வேண்டுமென்ற ஆசை. பிறர் சுவடு படாத பனியில் நாமே முதலில் இறங்க வேண்டுமென்ற அவசரம். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் பிள்ளைகளோடு பழகிய எவருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடமாகத் தெரியும். ஆடிப் பெருக்கில் ஆற்றில் குதிக்கிற பையனுக்கும், பனிமலையில் பாய்கிற பையனுக்கும் மனம் ஒன்றுதான்.

கானடாவிலும் அமெரிக்காவிலும் பெரியோர்கள் கண்விழித்ததும் பிள்ளைகளின் மரணத்தைக் கண்ட பின்னரே. 2003-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி, ஆல்பர்ட்டா மாகாணத்துப் பள்ளிக்கூடமொன்றின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆசிரியர்களுடன் ராஜர்ஸ் கணவாய்க்கு அருகே பனிச்சறுக்குப் பிரயாணம் சென்றபோது, சரிவில் அகப்பட்டு ஏழு மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கானடாவில் மொத்தம் 29 பேர் மாண்டனர். அதன் பயனாக, மலைப் பிரதேசங்களை எளியவை, கடினமானவை, மிகச் சிக்கலானவை என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். தேசியப் பூங்காக்களில் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் எளிய இடத்துக்கு மட்டும் போகலாம்; கடினமான இடத்துக்கு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி வேண்டும்; மிகச் சிக்கலான இடத்துக்கு அனுமதியே இல்லை. தினந்தோறும் அபாய அளவை அறிவிப்பதற்கு 2004-ல் ஒரு தேசிய ஸ்தாபனமும் ஏற்பட்டது. ரெவல்ஸ்டோக் நகரில் உள்ள அதற்கு இன்று "அவலாஞ்ச் கானடா" என்று பெயர். அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை படிகளாக அது அறிவிக்கிறது. மூன்றாம் படியில்தான் மிகவும் எச்சரிக்கை தேவை. ஏனெனில் நான்கு ஐந்து என்றால் யாரும் பயந்து வீட்டில் இருந்துவிடுவார்கள். மூன்று என்றால் "நடுத்தரந்தானே" என்று புறப்பட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் 2003-ம் வருஷம் டிஸம்பர் 26-ந் தேதி மூன்று இளைஞர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 2004-ல், பள்ளிக்கூடந்தோறும் சென்று மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் பனிப்பாடம் சொல்லும் திட்டம் ஒன்று ஆரம்பமாயிற்று. "போகுமுன் அறிந்துகொள்" என்பது அதன் பெயர். கருவியை எடுத்துக்கொள், பயிற்சி பெறு, அன்றைய அறிவிப்பைப் படி, மலையை உற்றுப் பார், அபாயம் வரும் இடத்தில் நில்லாதே. இந்த ஐந்தே அதன் பஞ்சாக்ஷரம்.

வயது விஷயத்திலும் வைத்தியர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். பதினாறு வயது நிரம்பாதவர் பனிவண்டி ஓட்டலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் அபிப்பிராயம். ஆனால் குழந்தைகளுக்கென்றே சிறு வண்டிகள் விற்பனையாகின்றன. மலையூர்களில் ஏழெட்டு வயதிலேயே ஓட்டப் பழகுகிறார்கள். கைப்பிடியைத் திருப்பப் பழகுவது சுலபம், தோழர்கள் நடுவில் "எனக்கு இந்தச் சரிவு பிடிக்கவில்லை, நான் வரவில்லை" என்று சொல்லப் பழகுவதுதான் கஷ்டம். இப்போது நல்ல ஆசிரியர்கள் அதையும் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள். கோஷ்டியில் வயதில் இளையவன், அனுபவத்தில் குறைந்தவன், யார் வேண்டாமென்றாலும் எல்லோரும் திரும்பிவிட வேண்டும்; காரணம் கேட்டுக் கேலி செய்யக்கூடாது என்பது விதி. இந்த ஒரு விதி நூறு கருவிகளுக்குச் சமானம் என்பது என் கருத்து.

நமது தேசத்தில்

பனிச்சரிவு நம்மைத் தீண்டாத விஷயமல்ல. 2016-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, ஸியாச்சின் பனியாற்றில் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனியில் புதைந்தார்கள். அவர்களிற் பலர் தமிழ் நாட்டு வீட்டுப் பிள்ளைகள். ஆறு நாளைக்குப் பின் ஹனுமந்தப்பா என்ற கன்னட வீரர் உயிருடன் எடுக்கப்பட்டபோது தேசம் முழுதும் பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11-ந் தேதி அவரும் மறைந்தார். அங்கே நமது ராணுவத்தாருக்கு உணவும் மருந்தும் கொண்டு செல்ல உதவும் சாதனங்களில் பனி ஸ்கூட்டரும் ஒன்று. பம்பார்டியே கண்ட பயன் அது. பனிச்சரிவை ஆராய மணாலியில் 1969-ல் நமது சர்க்கார் நிறுவிய நிலையம், 2020-ல் வேறொரு ஆராய்ச்சி ஸ்தாபனத்துடன் இணைக்கப்பட்டு இன்றும் எல்லைப்புறத்துக்கு எச்சரிக்கை விடுத்து வருகிறது.

காஷ்மீரத்துக் குல்மார்க்கில் உல்லாசப் பிரயாணிகளும் பனி ஸ்கூட்டரில் ஏறுகிறார்கள். தெற்கேயிருந்து போகும் குடும்பங்கள் சொந்த ஊரில் பழக்கமில்லாத இந்தப் பனியை விளையாட்டுப் பொருளாக எண்ணுவது இயல்பு. வழிகாட்டி குறித்த பாதையை விட்டு விலகாதிருப்பதும், அன்றைய எச்சரிக்கை என்னவென்று விசாரிப்பதும் மரியாதைக் குறைவல்ல.

பிள்ளைகள் துணிச்சலுள்ளவர்களாக வளர வேண்டுமென்பதில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அவர்களை வீட்டுக்குள் பூட்டி வைக்கச் சொல்லும் கட்டுரையல்ல இது. ஸ்பார்வுட்டின் எட்டுப் பேரும் துணிச்சலுள்ளவர்களே. தோழரைக் காக்க ஓடி வந்தவர்கள் தைரியத்தில் யாருக்கும் குறைந்தவர்களல்லர். மலையின் கணக்கில் தைரியத்துக்கு மதிப்பெண் இல்லை. சாய்வு எத்தனை பாகை, நேற்று எவ்வளவு பனி விழுந்தது, காற்று எந்தத் திசை என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தவனையே அது திருப்பி அனுப்புகிறது. அவனையும் எப்போதும் அல்ல. வெளிநாடு போகும் பிள்ளைக்கு ஊறுகாய் ஜாடியும் கம்பளிச் சட்டையும் கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள், "பனிமலைக்குப் போனால் முதலில் பாடம் படி, மனசுக்குச் சரியென்று படாவிட்டால் திரும்பி வந்துவிடு, ஒருவரும் உன்னைக் கோழை என்று நினைக்க மாட்டார்கள்" என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துக் கட்டி அனுப்பட்டும்.